மாஸ்டர் எனக்கு விட்டுவைத்த வரி

சந்தியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். எழுபத்திரண்டு வயதில், முதியோர் வகுப்பில் ஆறு மாதம் படித்து, ஒருவர் உதவியும் இல்லாமல் முழுதாக வாசித்த முதல் தாள் அது. முடித்ததும் சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். பிறகுதான் நான் வாசித்தது நல்லதம்பி மாஸ்டரின் பெயர் என்று உறைத்தது. அங்கே சிரித்துக்கொண்டு நின்றதற்கு வெட்கப்படுகிறேன். என் வெட்கம் அதோடு முடியவில்லை.

மாஸ்டரை அறிந்த உங்களுக்கு அவர் ஸ்டேசன் மாஸ்டராக இருந்த சின்ன ரெயில் ஸ்டேசனும் தெரியும். ஒரு அறை, உட்கார ஒரு வாங்கு, ஒரு வேப்பமரம். எங்கள் நெல்லும் வாவி இறாலும் அங்கிருந்துதான் ரெயிலேறின. ஒருநாள் என் மனைவிக்குப் பிரசவ வலி. எங்கள் மாட்டு வண்டி வந்து சேரும்வரை மாஸ்டர் சிவப்புக் கொடியை இறக்கவில்லை. கடைசிப் பெட்டியில் நின்ற ரெயில் காட் சத்தம் போட்டார். "உள்ள இருக்கிறவங்களுக்கு என்ன அவசரம்? வாறவளுக்குத்தான் அவசரம்" என்றார் மாஸ்டர்.

யுத்தத்தில் ரெயில் நின்றுபோனது. தண்டவாளச் சிலிப்பர்க் கட்டைகளும் ஸ்டேசன் கூரை ஓடுகளும் காணாமற்போயின. பிறகு பாதையைத் திருத்தி ரெயில் விட்டார்கள். எங்கள் ஸ்டேசனில் மட்டும் அது நிற்கவில்லை. பென்சன் எடுத்திருந்த மாஸ்டர், அதை நிறுத்தக் கேட்டு மனு எழுதிக்கொண்டு முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார்.

"போடியார், முதல் வரி உங்களுக்கு. நீங்க போட்டாத்தான் மத்தவங்களும் போடுவாங்க."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார். நான் ஊரில் பெரிய வயற்காணிக்காரப் போடியார்; முற்றத்தில் என் வயற்காரர் நின்றார்கள். அவர்கள் பார்க்க நான் பெருவிரல் வைப்பதா?

"பஸ் ஓடுதுதானே மாஸ்டர். செத்த ஸ்டேசனுக்கு மனு என்னத்துக்கு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் மைப்பெட்டியை மெல்ல மூடினார். "ரெயில மறிக்கக் கைதான் வேணும் போடியார், எழுத்தில்ல" என்றார். அதைக்கூட எனக்கு மட்டும் கேட்கத்தான் சொன்னார்.

போடியாரே போடவில்லை என்று ஊரில் ஒருவரும் போடவில்லை. மனு போகவேயில்லை. இன்றும் பிள்ளைத்தாய்ச்சிகள் மெயின் ரோட்டுக்கு நடக்கிறார்கள். ரெயில் பக்கத்தால் ஓடுகிறது.

முப்பத்தோராம் நாள் கிரியையில் மாஸ்டரின் மகள் அந்த மனுத் தாளையும் மைப்பெட்டியையும் என்னிடம் தந்தாள். "போடியார் படிக்கப் போறாராம் எண்டு கேள்விப்பட்டு அப்பா நல்லாச் சந்தோசப்பட்டவர்" என்றாள். முதல் வரி வெறுமையாகவே இருந்தது.

அந்தத் தாளும் மைப்பெட்டியும் இப்போது என்னிடம் இருக்கின்றன. என் பெயரை எழுதிவிட்டேன். அரை மணித்தியாலம் சென்றது; அழகாகத்தான் வந்திருக்கிறது. நாளைக்கு வீடு வீடாகப் போகிறேன். எழுதத் தெரியாத யாராவது தயங்கினால், என் பெருவிரலைத்தான் முதலில் மையில் வைப்பேன்.