மாமா கொண்டுவந்த மீன்குஞ்சுகள்

எங்கள் ஊரில் ஆற்றுக்குத் திருவிழா எடுத்தபோது நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த சிறுமி. நீலகிரியில் எங்கள் தேவாலா பக்கம் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் விழா உண்டு. ஆற்றுக்கென்று யாரும் எடுத்ததில்லை. பச்சைத் தேயிலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பலரும் கொழுந்தைச் செடியிலேயே விட்டிருந்த காலம் அது. எஸ்டேட் ஃபாக்டரியும் மூடிக் கிடந்தது. சும்மா இருந்த கைகள் நிறைய என்பதால், பாலத்தடியில் அடைந்திருந்த பாலித்தீன் பைகளையும் பூச்சிமருந்து டப்பாக்களையும் இரண்டே வாரத்தில் அள்ளிவிட்டார்கள். பாறை தெரிய ஓடிய தண்ணீரைப் பார்த்ததும் அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்திருந்தவர்தான் யோசனை சொன்னார். "மருந்தடிச்சு மருந்தடிச்சு ஆத்துல மீனே இல்லாமப் போச்சுங்க. விழா அன்னிக்கு மீன்குஞ்சு விடலாமுங்க."

மேட்டுப்பாளையம் பக்கம் மீன் பண்ணை வைத்திருந்த அவருடைய சொந்தக்காரர் குஞ்சுகளைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். போய் எடுத்துவர என் மாமா முன்வந்தார்.

மாமா, அம்மாவின் தம்பி. இலங்கையிலிருந்து குடும்பம் திரும்பியபோது அவர் கைக்குழந்தை. ஃபாக்டரியில் மெஷின் ஓட்டியவர். அது மூடியபின் ஒரு வருடமாக வேலையில்லை. ஆனாலும் காலையில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஃபாக்டரி கேட் வரை நடந்துபோய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் எங்கே என்று கேட்க மாட்டார்கள். மீன் பொறுப்பு கிடைத்த அன்று அந்தச் சட்டையை அவரே துவைத்துக் காயப்போட்டார்.

விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் அவர் திரும்பி வந்தார். நேராக வீட்டுக்குள் வராமல் பின்பக்கம் குழாயடிக்குப் போனார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். காற்றடைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பை முழுக்க வெள்ளை வயிறுகள். நடுவட்டம் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் மணிக்கணக்காக நின்றுவிட்டதாம். காற்றுப் போயிற்றோ, குளிர் தாங்கவில்லையோ, ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"கடைக்கார ஐயாகிட்ட சொல்லிருவோமா மாமா?"

"ஒரு வேல குடுத்தாங்க புள்ள. அதையும் கெடுத்துட்டு வந்துட்டான்னு சொல்லுவாங்க."

மாமாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. இருவருமாகக் கொய்யா மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம்.

காலையில் வெளிச்சம் வந்ததும் மாமா என்னை எழுப்பி ஃபாக்டரிக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே ஒரு சிமெண்டுத் தொட்டி. மழைத்தண்ணீர் நிறைந்து, அதில் கறுப்பாக, வாலோடு, நூற்றுக்கணக்கில் தலைப்பிரட்டைகள். அம்மாவின் மாவுச் சல்லடையால் அள்ளி அள்ளிக் குடத்தில் விட்டேன்.

"யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவ?"

"மீன்குஞ்சு."

"என்ன மீனு?"

சற்று யோசித்தேன். "கெண்டை."

வேலை போனபின் மாமா அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

ஆற்றங்கரையில் தோரணம் கட்டி, மேளம் வைத்திருந்தார்கள். மலையாளத்து டீக்கடைக்காரர் அண்டா நிறையச் சுக்குக் காப்பி போட்டிருந்தார். ஆற்றைக் காப்போம் என்று எங்கள் தலைமையாசிரியை உறுதிமொழி படிக்க, ஊரே திருப்பிச் சொன்னது. பிறகு மாமா வாழையிலையால் வாய் கட்டிய குடத்தைத் தலையில் சுமந்து வந்தார். பின்னால் நான், பூத்தட்டோடு.

ஆசிரியை இலையை விலக்கப் போனார்.

"வெளிச்சம் பட்டா பயந்துரும் டீச்சர்," என்றார் மாமா.

ஆசிரியை கேட்கவில்லை. குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து மாமாவின் முகத்தையும் அதேபோலப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குப்பா. மெதுவா ஊத்துங்க," என்றார்.

மாமா ஊற்றினார். கரையோரம் நின்ற ஒரு குட்டிப் பையன், "அம்மா, இதுக்குக் கால் மொளச்சிருக்கு," என்றான். அவன் அம்மா சட்டென்று கடலைமிட்டாயை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.

கடைக்காரர் மைக்கைப் பிடித்தார். "தம்பி ஒத்த ஆளா மலையேத்திக் கொண்டாந்திருக்காருங்க. நல்லாக் கை தட்டுங்க."

எல்லோரும் தட்டினார்கள். மாமா குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டுமா, பாலத்துக் கைப்பிடிக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமா, மாமாவைத்தான் கூப்பிட்டார்கள். ஃபாக்டரி கேட்டுக்குப் போவதை அவர் மெல்ல மறந்தார். எங்கள் தந்திரம் பலித்ததால்தான் இதெல்லாம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. பாலத்தடியில் தவளைகள் கத்தத் தொடங்கியபோது மட்டும் சில நாள் பயந்தேன். கடைக்காரர் பாலத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிப்பார். மீன்களை நினைத்துச் சிரிக்கிறார், பாவம், என்று நினைத்துக்கொள்வேன்.

கல்லூரி விடுமுறையில் ஒருநாள், இனிச் சொல்லலாம் என்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இந்த மழை நாட்டுல தலப்பெரட்ட தெரியாதவங்க யாருடி இருக்கா? அன்னிக்குக் கரையில நின்ன அத்தனை பேருக்கும் தெரியும்."

நான் சிரிப்பை நிறுத்தினேன்.

"மாமாகிட்ட சொல்லிடாத," என்றாள் அம்மா. "நாங்கெல்லாம் ஏமாந்துட்டோம்னுதான் இன்னமும் நெனச்சுக்கிட்டு இருக்கான்."