மகளுக்குச் சேர்த்த முதிரை மரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மட்டக்களப்பு நாவற்குடாவில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. மார்கழி மாதம், விடாத மழை. என் மூத்த மகளுக்குக் கொழும்பில் ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. துள்ளிக் குதித்தேன். கடைசி வரியை அதற்குப் பிறகுதான் வாசித்தேன். கல்லூரிப் பணமும் விடுதிப் பணமும் பத்து நாளுக்குள் வந்து சேரவேண்டுமாம். தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்கு.

வயல் வட்டையில் வேளாண்மை இன்னும் பச்சை. அறுவடைக்கு இரண்டு மாதம் கிடந்தது. கையில் காசில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது வீடு கொடுக்கவேண்டும். அதனால் இவள் பிறந்த மாதமே வீட்டு நிலைக்கும் கூரைக்கும் முதிரை மரம் சேர்க்கத் தொடங்கினேன். பதினெட்டு வருடம் கொட்டிலில் அடுக்கி, கறையானுக்குப் பயந்து காத்த மரம். படிப்புக்கென்று? ஒரு சதம்கூட இல்லை. மகள் கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் பெருமையடித்தேனே, அந்தப் படிப்பு எங்கே போகும், என்ன செலவு வைக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? மடையன்!

தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். எல்லோருக்கும் அறுவடைக்குப் பிறகுதான் காசு. ஆறு நாள் ஓடிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மரத்தை விற்கப்போவதாகச் சொன்னேன். மனைவி அழுதேவிட்டாள்.

“வீடில்லாத புள்ளய ஆர் வந்து கட்டுவான்?”

எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் காத்தான்குடியிலிருந்து முஸ்லிம் மர வியாபாரி ஒருவரைக் கூட்டிவந்தேன். அண்ணன் முறைக்கு அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரை விட்டால் அந்த மழையில் வண்டியோடு வர வேறு ஆளில்லை. மரத்தைத் தட்டிப் பார்த்தவர், “ஆருக்குச் சேத்தது?” என்று கேட்டார்.

“மகளுக்கு.”

சுட்டதுபோல் கையை எடுத்துவிட்டார். “நானும் நாலு பொம்புளப் புள்ளைக்கு வாப்பா, தம்பி. புள்ளட வீட்டு மரத்தில நான் கை வெக்கமாட்டன்.”

சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். அப்போதுதான் கதவுக்குப் பின்னால் நின்ற மகள் மழையில் இறங்கி ஓடினாள்.

“காக்கா, கொஞ்சம் நில்லுங்க. எனக்குச் சேத்த மரம்தானே? நான்தான் விக்கிறன். வீட்ட நான் உழைச்சுக் கட்டுவன். இந்தக் கல்லூரி இடம் போனாத் திரும்பி வராது.”

அவர் வண்டியை விட்டுத் திரும்பி வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பொறந்த மாசமே மரத்துக்கு யோசிச்ச நீங்க, பள்ளிக்குடத்துக்கு அனுப்பின அண்டைக்கே படிப்புச் செலவையும் யோசிச்சிருக்கலாமே, தம்பி?”

நான் மரத்தை வண்டியில் ஏற்றத் தொடங்கினேன். அவர் பேரம் பேசாமல் நியாயமான விலை தந்தார். அன்றே தபால் கந்தோருக்கு ஓடிப் பணத்தை அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று ஐந்து நாள் தபால்காரனின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக் கிடந்தேன். சேர்த்துக்கொண்டதாகப் பதில் வந்த பிறகுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

சின்னவள் அப்போது மூன்றாம் வகுப்பு; அவளுக்கு இன்னும் மரம் தொடங்கியிருக்கவில்லை. அடுத்த அறுவடையிலிருந்து அவளுக்கு மரமும் சேர்த்தேன், போகத்துக்கு இரண்டு மூடை நெல்லைப் படிப்புக்கென்று விற்றுத் தபால் கந்தோர்ச் சேமிப்புப் புத்தகத்திலும் போட்டுவந்தேன்.

மூத்தவள் சொன்னபடியே தன் சம்பளத்தில் வீடு கட்டினாள், மரமும் அந்தக் காக்காவிடமே வாங்கினாள். அவள் வீட்டு முதிரை வாசல் நிலையைக் கடந்து உள்ளே போகும்போதெல்லாம், அன்றைக்கு அவள் மழையில் இறங்கி ஓடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.