சேவியரின் ஈட்டிக்கு ஒரு களவா மீன்

திருச்சி ஜங்ஷனில் இராமேஸ்வரம் ரயில் ஏறியதுமே வம்பு தொடங்கிவிட்டது. ஐந்தடி நீள ஈட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினேன். எதிரே இருந்த மண்ணச்சநல்லூர் அரிசி வியாபாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க தம்பி, வேலா? காவடி எடுக்கிறீங்களா?”

“இல்லைங்க. மண்டபத்துக்கு மீன் குத்தப் போறோம்.”

“ஏன், திருச்சியில மீன் கிடைக்கலையா?”

கிடைக்கும். எங்கள் பாலக்கரையிலேயே கூடை கூடையாகக் கிடைக்கும். அந்த மீன் அம்மாவுக்கு வேண்டாம் என்பதுதான் சங்கடம்.

என் அண்ணன் சேவியர் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் டர்னராக இருந்தான். அந்த ஈட்டி அவன் கடைந்தது. பின்னால் கட்டிய சைக்கிள் டியூபை இழுத்துவிட்டால் தண்ணீருக்குள் சீறிக்கொண்டு போகும். ஒருநாள் கடலில் மீன் குத்தி வந்து காட்டுகிறேன் பார் என்று அம்மாவிடம் வீம்பு பேசுவான். மஞ்சள் காமாலை வந்து, கடலைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டான். மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடியும்வரை எங்கள் வீடுகளில் அடுப்பில் கவுச்சி ஏறாது. பூசையன்று மதியம் மீன் குழம்பு வைத்துத் துக்கத்தை முடிப்போம். அம்மா ஒரே பிடியாக நின்றாள். “அவன் ஈட்டியில குத்துன மீன் வந்தா கொழம்பு வைக்கிறேன். இல்லன்னா இனிமே இந்த வீட்டுல மீனே வேணாம்.” பூசை நாளை மறுநாள்.

கூட வந்தவன் ரங்கராஜன், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. கொள்ளிடத்தில் ஒன்றாக நீந்தியே அண்ணனுக்குச் சிநேகிதன் ஆனவன். மீன் வாடை அடித்தால் தெருவையே மாற்றிக்கொண்டு போவான்.

“உங்காத்துல என்னடா சொல்லிட்டு வந்தே?” என்று அவன் பாஷையிலேயே கேட்டேன்.

“சேது ஸ்நானம்னு சொல்லியிருக்கேன். பொய் இல்லையே!”

காலை ஏழு மணிக்கு மண்டபம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குலுங்கி வந்த உடம்பு வலித்தது. கடற்கரையில் விசாரித்துப் பிடித்த மீன்காரர் காதர் பாய் வீட்டில் பையைப் போட்டுவிட்டு அவருடைய வள்ளத்தில் ஏறினோம். வாடகை இருபது ரூபாய் கேட்டுப் பதினைந்துக்கு இறங்கினார். கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி, பாறைகளுக்குப் பக்கத்தில் ஒரு மணல் திட்டு. எங்களை அங்கே இறக்கிவிட்டு, வலையைப் பார்த்துவிட்டு மதியம் வருவதாகச் சொல்லிப் போனார்.

முழுகி எழும்போது ஒரு வாய் தண்ணீர் அள்ளிக் கொப்பளிப்பது காவிரியில் வளர்ந்தவர்களின் பழக்கம். கடலிலும் அதையே செய்தோம். ரயிலில் தின்ற இட்லி முழுதும் வெளியே வந்தது.

பத்து மணி வாக்கில் ஓரா மீன் ஒன்று ஈட்டியில் விழுந்தது. கையகலம்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்றில் செய்வதுபோலவே அதைக் கயிற்றில் கோத்து, தண்ணீர் ஓரத்தில் குச்சி நட்டுக் கட்டினோம். எங்கள் துணிமணியும் பக்கத்திலேயே இருந்தது. கோடைக் காவிரி நின்ற இடத்தில் நிற்கும். கடல் ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. மறுபடி தலை நிமிர்த்திப் பார்த்தபோது திட்டு பாதியாகியிருந்தது. குச்சி இல்லை, துணி இல்லை, மீனும் இல்லை.

நான் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அண்ணனை இரண்டாம் தடவை பறிகொடுத்த மாதிரி இருந்தது.

“அழறதுக்கு ஊர்ல நிறைய நாள் இருக்குடா. பாய் வர்றதுக்குள்ள இறங்கு” என்றான் ரங்கராஜன்.

அடுத்த குறியிலேயே டியூப் அறுந்தது. பிறகு ஈட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே பாறை பாறையாகத் துழாவினேன். ஒரு பொந்தின் வாயில் களவா மீன் ஒன்று நின்றது. இருந்த பலமெல்லாம் சேர்த்துக் குத்தினேன். அது ஈட்டியோடு பொந்துக்குள் புகுந்து செருகிக்கொண்டது. மூச்சு முட்டி நான் மேலே வந்தேன். ரங்கராஜன் உள்ளே போனான்.

வெகுநேரம் அவன் வரவில்லை. கடைசியில் ஈட்டிக் கம்பியின் பின்முனையைப் பிடித்தபடி, மீனோடு வந்தான். பாறை கிழித்துத் தோளெல்லாம் ரத்தம். மீன்மேல் மட்டும் அவன் விரல் படவில்லை.

“மடியா கொண்டுவந்துட்டேன் பாரு” என்று மூச்சு வாங்கினான்.

இரண்டு கிலோ தேறும். காதர் பாய் எங்கள் கோலத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு மீனுக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டார். சொன்னேன். அவர் வள்ளத்தை நேரே கரைக்குத் திருப்பினார். வீட்டிலிருந்து இரண்டு கைலி கொடுத்து, பிஸ்கட் டின்னில் ஐஸ் நிரப்பி மீனை வைத்துக் கட்டித் தந்தார். சாயங்காலம் ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியே கடலைப் பார்த்தேன். எங்கள் ஆற்றுக்கு அக்கரை உண்டு. இதற்கு இல்லை. அண்ணன் ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம்.

மறுநாள் காலை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். ரங்கராஜனும் வந்திருந்தான். குழம்பு கொதித்து வந்தது. எப்போதும் அந்த நேரத்தில் உப்புப் பார்க்க அண்ணனைத்தான் கூப்பிடுவாள். அன்றும் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “சேவியரு, இங்க வாடா” என்று கூப்பிட்டுவிட்டாள்.

கூப்பிட்ட பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. கரண்டி மட்டும் நீட்டியபடியே இருந்தது.

ரங்கராஜன் எழுந்து போய் உள்ளங்கையை நீட்டினான். அம்மா ஊற்றினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நக்கினான்.

“சரியா இருக்கும்மா” என்றான்.

சாப்பிட உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது, குழம்பில் உப்பே போடவில்லை. அம்மாவும் சாப்பிட்டாள். யாரும் உப்பு கேட்கவில்லை.