பட்டாணி உடைக்காத பல்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் வலது கடைவாய்ப் பல்லை உடைத்தது பட்டாணி இல்லை. பத்து வருடமாக நம் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிவருகிறோம். சின்னவளே, நீயும் அதை நம்பி வளர்ந்துவிட்டாய். நடந்தது வேறு. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, எழுதுகிறேன்.

அப்போது நான் மாமல்லபுரத்தில் புதிதாகக் கட்டும் ஒரு ரிசார்ட்டில் பிளம்பிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பல்வலி கண்டு கன்னம் வீங்கியது. நம் ஊர் கருங்குழியிலிருந்து பஸ் ஏறி செங்கல்பட்டுக்குப் போனோம். அங்கே ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். பல்லைத் திறந்து, உள்ளே அழுகியதை எடுத்து, வேரின் குழாய்களை ஊசி ஊசியாக விட்டுச் சுத்தம் செய்து மருந்து வைத்தார். மேலே வெள்ளையாக எதையோ அப்பி மூடினார். அடுத்த வாரம் வந்தால் உள்ளே அடைத்துவிடலாம் என்றார்.

எதை வைத்து அடைப்பீர்கள் என்று கேட்டேன். டாக்டர் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். ரோஸ் நிறத்தில், துடைப்பக்குச்சி நுனி மாதிரி ரப்பர் குச்சிகள்.

"இந்தக் குச்சி மட்டும் போதாது அண்ணா. சுத்தி முடி அளவு சந்து இருக்கும். அதுல கிருமி பூந்துடும். அதனால சீலர்னு ஒரு பேஸ்ட் தடவித்தான் குச்சிய எறக்குவோம்."

"பைப்பு மரையில நூலு சுத்தி பேஸ்ட் தடவுறோமே, அந்த மாரியா மேடம்?"

"அதேதான்! நீங்களே டாக்டர் ஆயிடுவீங்க போல."

அந்த ஒரு வார்த்தை எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த வாரம் முழுக்க சைட்டில் இதே பேச்சுதான். பல்லும் பைப்பும் ஒன்றுதான் மச்சான் என்று கண்டவனிடமெல்லாம் சொன்னேன்.

வாரம் முடிந்தது. அம்மா கேட்டாள்.

"நாளைக்கு டாக்டராண்ட போணும்யா. வரச் சொன்னாங்க இல்ல?"

"இப்ப வலி கீதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாமே? ஒழுவாத ஜாயிண்ட்ல எவனாவது ஸ்பேனர் வெப்பானா? சும்மா கெட."

இது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. ஒழுகாததைத் தொடாதே. தொட்டால் உன் தலையில் விழும். பைப்புக்கு அது சரி. பல்லுக்குள் கசிவது வெளியே சொட்டாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, மேலே வைத்தது உதிர்கிறது என்றாள். அதெல்லாம் அப்படித்தான் தேயும் என்று சொல்லிவிட்டு நான் நாஸ்தா சாப்பிட்டேன். மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை.

காணும் பொங்கலுக்கு எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். சின்னவளே, நீ அப்போது இரண்டாம் வகுப்பு. வறுத்த பட்டாணிப் பொட்டலத்திலிருந்து ஒரு பிடி எடுத்து அம்மா வாயில் போட்டாய். அவள் கடித்ததும் டக்கென்று உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா பாப்பா, அம்மா பல்ல ஒட்சிட்டியே!" என்றேன்.

விளையாட்டாகச் சொன்னதுதான். நீ பஸ்ஸில் வீடு வரை அழுதாய்.

மறுநாள் அதே டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். பல் வேர் வரைக்கும் பிளந்திருந்தது.

"நான் வெச்ச மருந்து ஒரு வாரத்துக்குத்தான். மேல மூடுனதும் அவ்ளோதான் தாங்கும். அது உதிர்ந்து எச்சி உள்ள எறங்கி, மறுபடி சீழ் கட்டியிருக்கு. கேப் போடாத பல்லு வேற. பட்டாணி இல்லன்னா இட்லி கூட ஒடச்சிருக்கும். ஏம்மா நீங்க திரும்ப வரல?"

நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள்:

"வூட்ல வேலை மேடம். எனக்குத்தான் ஒழியல."

பல்லைப் பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். படாளம் தாண்டும்போது நான்தான் "வலிக்குதா?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இட்லி கூட உடைத்திருக்கும் என்ற அந்தப் பேச்சை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கதவருகில் நின்று நீ கேட்டாய், "என்னாலயாப்பா?" நான் உன் தலையைத் தடவிவிட்டு, "பரவால்ல வுடு" என்றேன். பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம்? நீதான் என்று அர்த்தம். சொந்தக்காரர்கள் உன்னைப் பல்லு டாக்டர் என்று கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த வாரமே சைட்டில் ஒருத்தன், டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகும் குழாய் மாட்டாமல், தற்காலிகமாக அடைக்கும் டம்மி மூடியோடு விட்டுவிட்டான். "டம்மிய சொருவிட்டு வேலை முட்ஞ்சிட்ச்சுன்னு பூட்டியா? அறிவு கீதாடா உனக்கு?" என்று பத்துப் பேர் முன்னால் கத்தினேன். கத்திய பிறகு அங்கே நிற்க முடியவில்லை. பின்பக்கம் போய் முகத்தைக் கழுவினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடற்கரைக்குப் போனோம். இப்போது நீ காலேஜ் படிக்கிறாய். அம்மாவுக்கு சுண்டல் வாங்கினாய். ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்ததை மட்டும் அவள் கையில் வைத்தாய். கெட்டியாக இருந்ததை எல்லாம் நீயே தின்றாய். அவள் இடது பக்கமாக மென்றாள்.

இதைப் படித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும், என்னோடு பேசாமல்கூட இரு. ஆனால் இனிமேல் நசுக்கிப் பார்க்காதே.