கே 85.2 என்று நம்பினேன்

அப்பாவுக்கு, எங்கள் வாயில் நைனாவுக்கு, முதல் வலி எங்கள் எர்ணாவூர் வீட்டில், சாப்பிட்டுக் கை கழுவும்போது வந்தது. மேல் வயிற்றில் தொடங்கி முதுகு வரை துளைத்துக்கொண்டு போனது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர், லேசில் படுக்காதவர். அன்று தரையில் சுருண்டு கிடந்தார்.

மருத்துவமனையில் அவரால் பேச முடியவில்லை. "குடிப்பாரா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். "முன்னாடி குடிப்பாரு சார்" என்றேன். எழுதிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில், மதுவால் வந்த திடீர் கணைய அழற்சி (இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் செரிமானச் சுரப்பி வீங்கிப் புண்ணாவது) என்றிருந்தது. படித்ததும் என் மனம் கே 85.2 என்றது. என் வேலையே அதுதான். மெடிக்கல் கோடிங். வெளிநாட்டு நோயாளிகளின் கோப்பைப் படித்து நோய்க்கு எண் போடுவேன். டாக்டர் முடிவாக எழுதியதற்குத்தான் எண். ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் போட்டால் தப்பு என்பார்கள். அந்தப் பழக்கத்தில் நைனாவின் ஸ்கேன் தாளையும் படிக்காமல் புரட்டிவிட்டேன்.

"நா வுட்டு நாலு வருசம் ஆவுதும்மா. அவுரு எய்திட்டா நா குட்ச்சவனா?" என்றார் நைனா.

"டாக்டர் சும்மாவா எய்துவாரு?" என்றேன். அப்படிக் கேட்ட வாயை இப்போது என்ன செய்வது? வண்டி சீட்டுக்கு அடியில்கூட பாட்டில் தேடினேன். அவர் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "ஊது" என்பேன். போலீசுக்கு ஊதுவது போல ஊதுவார். ஒரு நாளும் வாடை இல்லை. ஆனாலும் நம்பவில்லை. மறைக்கத் தெரிந்தவர் என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதம் மறுபடி வலி. இம்முறை பார்த்தது ஒரு டாக்டரம்மா. பழைய ஸ்கேன் தாளைக் கேட்டு வாங்கிக் கடைசி வரை படித்தார். "வாயு மறைக்குது, பித்தப்பை தெரியல, திரும்ப எடுக்கணும்னு போட்டிருக்கே. ஏம்மா எடுக்கல?"

புது ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். ஒன்று நழுவி, கணைய நீர் வெளியேறும் வாயை அடைத்திருந்தது. முதல் தடவையே கண்டுபிடித்துப் பித்தப்பையை எடுத்திருந்தால் இரண்டாவது வலி வந்திருக்காது என்றார் டாக்டரம்மா.

பித்தக்கல்லால் வந்தால் கே 85.1. ஒரே ஓர் எண் தள்ளி. நைனாவின் கணையத்தில் பாதி செத்துவிட்டது.

முதல் டாக்டர் மேல் ஆத்திரம் இன்னும் தீரவில்லை. டிரெய்லர் டிரைவர் என்றதுமே அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பெற்ற மகள் எனக்கும் அந்தக் காரணம் போதுமானதாக இருந்ததே, அதை எங்கே போய்ச் சொல்ல?

இதே மாதிரி டிஸ்சார்ஜ் தாளைக் கையில் வைத்திருப்பவர்கள் முடிவு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். மிச்சத்தையும் படியுங்கள். புரியாததை டாக்டரிடம் கேளுங்கள்.

நைனா பிழைத்தார். கணையம் சுரக்க வேண்டிய இன்சுலினை இப்போது ஊசியில் போடுகிறோம். டிரெய்லர் ஓட்ட முடியாது. எங்கள் வீட்டில் நேரம் என்பது ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் உள்ளதுதான். கடைக்குப் போய் வந்தால் வாசலிலேயே நிற்கிறார். நான் எழுந்து போகும்வரை உள்ளே வருவதில்லை.

"வேணா நைனா, வுட்டுடு" என்று அழுகிறேன்.

"கெடக்கட்டும்மா, பாத்துக்க" என்று குனிந்து என் முகத்தில் ஊதுகிறார்.