படிவத்தில் இடம்பெறாத பாக்கியலட்சுமி

2023 ஜனவரி 9, திங்கட்கிழமை பிற்பகல், ஜூரோங்கிலுள்ள உங்கள் பல் மருத்துவ நிலையத்தில், தமக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்ததை என் மனைவி பாக்கியலட்சுமி மருத்துவரிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் சொன்னது பதிவேட்டில் எழுதப்படவில்லை. அன்று கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில் ஒரு கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டது. பிப்ரவரி 13 அன்று அதற்கடுத்த பல்லும் பிடுங்கப்பட்டது. நோய் பற்களில் இல்லை, எலும்பில் இருந்தது. இதுவே என் குற்றச்சாட்டு.

உங்கள் பதிவேட்டில் அவர் ஓர் எண்ணும் இரண்டு பற்களும் மட்டுமே. ஆகவே அவர் யார் என்பதை இங்கே எழுதுகிறேன்.

பாக்கியலட்சுமிக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினாறு ஆண்டுகளாக ஒரு தொடக்கப்பள்ளி உணவகத்தில் தோசைக் கடை நடத்துகிறார். எந்தப் பிள்ளைக்குக் காரம் ஆகாது, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 2012 ஆகஸ்டில் அவருக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது. ஏழு வாரத்தில் தோசைக்கல்லுக்குத் திரும்பிவிட்டார். தினம் ஒரு மாத்திரையாக ஐந்தாண்டு விழுங்கி, 2017 செப்டம்பரில் நிறுத்தினார்.

2022 டிசம்பரில் அவரது கீழுதட்டின் இடப்பக்கமும் தாடையும் மரத்துப்போயின. தேநீர் வழிந்தாலும் அவருக்குத் தெரியவில்லை. பள்ளி திறந்த வாரத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அவரைப் பார்த்துச் சிரித்ததாம்.

"ஆன்ட்டி, எங்க பேபி மாதிரி நீங்களும் ஒழுகுறீங்க லா."

அவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் முதல் இடுப்பில் ஒரு கைக்குட்டையைச் செருகிக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முகத்தைத் துடைத்தார். அதன் பிறகே உங்களிடம் வந்தோம்.

உங்கள் படிவத்தின் ஐந்தாம் கேள்வி, கடந்த ஐந்தாண்டுகளில் கடும் நோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்று கேட்கிறது. மாத்திரையை நிறுத்தி ஐந்தாண்டும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. அவர் இல்லை என்று குறித்தார், அது உண்மை. ஆனாலும் மனம் கேளாமல் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னார். அது பழைய கதை, எக்ஸ்ரேயில் பல்தான் சொத்தை என்று மருத்துவர் பதில் சொன்னார்.

முதல் பல் போனது, மரப்பு போகவில்லை. இரண்டாவதும் போனது. மூன்றாவது பல்லைப் பிடுங்க மார்ச் 20 என்று நாள் குறித்து அட்டை கொடுத்தீர்கள். அட்டை என்னிடம் இருக்கிறது.

பிப்ரவரி 25, சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போயிருந்தோம். வழக்கமாகக் காய்கறி வாங்கும் ரஃபீக்கிடம் அவர் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வாயில ரத்தம் வருது," என்றார் ரஃபீக்.

வரும் வழியில் வடை தின்றபோது உதட்டைக் கடித்திருக்கிறார். ஆழமான காயம். அவருக்கு எந்த உணர்வும் இல்லை.

"என்னங்க, பல்லைப் பிடுங்கி ரெண்டு வாரம் ஆச்சு. ஊசி மருந்து இன்னுமா இருக்கும்?"

நான் கப்பல் பட்டறையில் கிடங்கு எழுத்தராக இருந்தவன், மருத்துவம் படித்தவனல்லன். அன்று மாலை தொடங்கி மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். மார்பகப் புற்றுநோய் பல ஆண்டுகளுக்குப் பின் அரிதாகத் தாடை எலும்புக்குப் பரவலாம். அங்குள்ள நரம்பை அழுத்தும்போது உதடும் தாடையும் மரத்துப்போகலாம் என்று ஒரு நூலில் அரைப் பக்கம் இருந்தது. அதைப் படியெடுத்து உங்கள் முகப்பில் கொடுத்தேன். மார்ச் 20 அன்று மருத்துவரிடமே காட்டச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது பல்லை ரத்து செய்துவிட்டு, 2012ஆம் ஆண்டுக் கோப்புடன் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு அவரை அழைத்துப் போனேன். ஸ்கேனிலும் திசுப் பரிசோதனையிலும் அந்த அரைப் பக்கம் உறுதியானது.

தாடைக்குப் பத்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஹார்மோன் எனப்படும் இயக்குநீரைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் தொடங்கின. எலும்பைக் காக்கும் ஊசியை மட்டும் தள்ளிவைத்தார்கள். பல் பிடுங்கிய குழிகள் ஆறாமல் அந்த ஊசியைப் போட்டால் தாடை எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு என்று விளக்கினார்கள். இரண்டு மாதம் காத்திருந்தோம். அந்த இரண்டு மாதம் நீங்கள் எடுத்துக்கொண்டது.

நோய் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. முற்றிலும் போகாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். மரப்பு பாதி குறைந்திருக்கிறது. ஜூலையில் அவர் கடையைத் திறந்தார். உங்கள்மேல் அவருக்குக் கோபமில்லை.

"அந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணுங்க. இனிமேலாவது வர்றவங்ககிட்ட கேக்கச் சொல்லுங்க, போதும்," என்கிறார்.

ஆகஸ்டில் நீங்கள் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தீர்கள். தொலைபேசிப் பேச்சைக் கோப்பில் வைக்க முடியாது. என் மனைவி ஜனவரி 9 அன்று சொன்னது ஏன் எழுதப்படவில்லை? ஐந்தாம் கேள்வியிலுள்ள ஐந்தாண்டு வரம்பை எந்தத் தேதியில் நீக்கப்போகிறீர்கள்? இவ்விரண்டுக்கும் 2023 அக்டோபர் 23க்குள், பொறுப்பாளரின் கையொப்பத்துடன், எழுத்துமூலம் பதில் தரவேண்டும்.

மு. அழகர்சாமி