குடிக்காமல் வைத்த காபி

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். சரிதான். ஆனால் அந்தக் கோபத்தைச் சத்தம் போடாமல், வாரம் தவறாமல், ஒரே காரியத்துக்காக நான் செலவழித்தது ஒரு முறைதான். வேலூரில் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. விஷயம் ஒரு டம்ளர் காபி.

வேலூர் அப்போதே படிக்கிற பிள்ளைகளின் ஊராகிவிட்டது. பையன்களுக்குக் காலேஜ், உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளி. எங்களுக்கு வைத்தியப் படிப்பு, நர்ஸ் படிப்பு. பிள்ளைகள் பெருகப் பெருக காபி கிளப்புகளும் பெருகின. கோட்டை அகழிக்கு எதிர்ச்சாரியில் இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. மார்பிள் மேஜை, வளைந்த முதுகு வைத்த நாற்காலி, சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. முதலாளி கெட்டிக்காரர். சனிக்கிழமை நாலரை மணிக்கு முன் ஹாலில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி வைத்தார். நாடகக் கம்பெனி கலைந்துபோய்ச் சும்மா இருந்த மூன்று பேர். ஆற்காட்டிலிருந்து வரும் பாடகர் ஒருவர், பிடில் ஒருவர், மிருதங்கம் ஒருவர். காலேஜ் பையன்கள் ஆளுக்கொரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு கச்சேரி முடியும் வரை அசைய மாட்டார்கள்.

எங்களுக்கும் சனிக்கிழமை மூன்று முதல் ஆறு வரை வெளியே போக அனுமதி உண்டு. நாலு பேராகப் போய் நாலு பேராகத் திரும்பி வரவேண்டும். ஆனால் முன் ஹால் பெண்களுக்கு இல்லை. பக்க வாசல் வழியாகப் போய், சமையற்கட்டை ஒட்டிப் பலகை அடித்து மறைத்த அறையில் உட்கார வேண்டும். அங்கே பாட்டு கேட்காது, ஆட்டுக்கல் சத்தம்தான் கேட்கும். அதோடு விட்டதா என்றால் இல்லை. சப்ளையர் பலகைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "யார் கூட வந்திருக்கீங்க?" என்று கேட்பார். புருஷனோ அண்ணனோ அப்பாவோ ஹாலில் உட்கார்ந்து, உள்ளே இத்தனை காபி என்று சொன்னால்தான் உள்ளே காபி வரும். தனியாக வந்த பெண்ணுக்குக் காபி கிடையாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அவளிடம் ஆர்டர் வாங்குகிற வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

முதல் தடவை போனபோது நான் பலகை இடுக்கு வழியாகப் பார்த்து, கண்ணில் பட்ட ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டி, அவரோடு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். முதுகு மட்டும்தான் தெரிந்தது. சப்ளையர் போய் விசாரித்ததும் கோட்டு திரும்பியது. எங்களுக்கு எலும்புப் பாடம் நடத்துகிற வாத்தியார். எங்கள் முகத்தில் ஈயாடவில்லை. அவர் கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்று தலையசைத்தார். நாலு காபி வந்தது. திங்கட்கிழமை வகுப்பில் மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என் குடும்பத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நாலு பெண்களும் எழுந்து இதில் உள்ள எலும்புகளைச் சொல்லட்டும் என்றார். எனக்குப் பாதிதான் சொல்ல வந்தது.

அப்போதுதான் எனக்கு நைனாவை வரவழைக்கும் யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். அவருக்கு ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டித் தண்ணீரில் தோல்களைப் புரட்டிப் புரட்டிப் போடுவார். முழங்கை வரை கை செம்பழுப்பாகியிருக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பாட்டென்றால் அவருக்கு உயிர். சர்ச்சில் கீர்த்தனை எடுத்துக் கொடுப்பது அவர்தான். இங்கே சனிக்கிழமை கச்சேரி இருக்கிறது, வந்தால் நன்றாகக் கேட்கலாம் என்று கடிதம் போட்டேன். யார் கூட வந்திருக்கிறாய் என்று கேட்டால் சொல்வதற்கு எனக்கும் ஒரு ஆள் இருக்கிறார் என்று பெருமையாகத்தான் கூட்டிப்போனேன்.

நான் செய்தது பெரிய தப்பு. வெள்ளைப் புடவையும் செருப்புமாகப் போகிற என்னை வேலூரில் யாரும் நீ எந்தத் தெரு என்று கேட்டதில்லை. இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி இருப்பதையே மறந்து போனேன். ஞானஸ்நானம் வாங்கி எத்தனை காலமானாலும் ஊர் எங்களைப் பழைய இடத்தில்தான் வைத்திருந்தது. நைனாவின் கையைப் பார்த்தவர்கள் கேட்கவே வேண்டியதில்லை.

சப்ளையர் வாசலிலேயே அவரை நிறுத்தினார். சந்துப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. வண்டிக்காரர்களுக்கும் எங்கள் ஜனங்களுக்கும் அங்கே அலுமினிய டம்ளரில் ஊற்றுவார்கள், நின்றபடியே குடிக்க வேண்டும். அதைக் கைகாட்டிவிட்டு, "நீங்க உள்ள போங்கம்மா" என்றார் என்னிடம்.

"நான் இவரு கூடத்தான் வந்திருக்கேன்."

"தெரியுதும்மா" என்று சொல்லி அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா ஜன்னல் பக்கம் போய்விட்டார். "நீ உள்ள போய்க் குடி பாப்பா. பாட்டு இங்கியே நல்லாத்தான் கேக்குது. இன்னா கொறைஞ்சிட்டுது இப்ப?" என்றார். நான் உள்ளே போகவில்லை. சந்தில் அவரோடு நின்றேன். அவர் அலுமினிய டம்ளரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். நடுவில், மிருதங்கத்தின் வலந்தலைத் தோல் ஈரத்தில் இறங்கியிருக்கிறது, சுருதி சேரவில்லை என்றார். ரயிலுக்குப் போகும்போது சந்தோஷமாகத்தான் போனார். எனக்குப் பொறுக்காமல் போனதற்கு அந்தச் சந்தோஷம்தான் காரணம். அந்த ஹாலில் என் நைனாவை உட்கார வைத்துக் காபி குடிக்க வைக்காமல் இந்த ஊரை விட்டுப் போவதில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் பக்க வாசலுக்குப் போகவில்லை. முன் வாசல் வழியாக நுழைந்து மேடைக்கு முன்னாலிருந்த மேஜையில் உட்கார்ந்தோம். ஹால் அடங்கிப் போயிற்று. பாடகர் ஒரு அடியை விட்டுவிட்டு அடுத்த அடியைப் பாடினார். சப்ளையர் எங்கள் பக்கமே வரவில்லை. கச்சேரி முடிகிற வரை கேட்டுவிட்டு எழுந்து வந்தோம். மறுவாரமும் அப்படியே. காலேஜ் பையன்கள் சிலர் தங்கள் பேரில் எங்களுக்குக் காபி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பினோம். விஷயம் வார்டன் அம்மா காதுக்குப் போய், அங்கே சத்தம் போடுகிறீர்களா என்று கேட்டார். பேசாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்றேன். ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு மற்றப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். முன் வரிசையில் மூன்று மேஜை எங்களுடையதாகிவிட்டது.

கூட்டம் நெரிகிற நேரத்தில் மூன்று மேஜை வியாபாரமில்லாமல் கிடந்தால் எந்த முதலாளி தாங்குவார்? ஒரு சனிக்கிழமை அவரே வந்தார். இனி நீங்கள் ஹாலிலேயே உட்காரலாம், நீங்களே ஆர்டர் சொல்லலாம் என்றார். பெண்கள் கைதட்டாத குறைதான். நான் எழுந்து, என் நைனாவும் இங்கேதான் உட்கார்ந்து குடிப்பார் என்றேன்.

"அது வேற விஷயம்மா" என்றார் முதலாளி. குரலில் கோபம் இல்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

காபி வந்தது. எல்லாரும் குடித்தார்கள். நான் குடிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த சிநேகிதி, "கேட்டது கெடச்சிட்டுது. இதுக்கு மேல இன்னாடி பேஜாரு?" என்றாள். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது, வாஸ்தவம். அவளுடைய அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவர் எந்த ஜன்னலிலும் நின்றதில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அதைச் சொல்லியும் விட்டேன். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஒரு காபி சொல்வேன். தொடாமல் முன்னால் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்பேன். காசைக் கொடுத்துவிட்டுப் போவேன். அதனால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. குடிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆடை கட்டி ஆறிப்போன காபி முன் வரிசையில் நிரம்பியபடி இருந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? புதிதாக வந்த ஒருவர் பக்கத்து மேஜைக்காரரிடம், பால் சரியில்லையா என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் தன் டம்ளரையும் முகர்ந்து பார்த்தார். அந்த கிளப்புக்கு மானம் மரியாதை எல்லாமே காபிதான். அன்றைக்குத்தான் என் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

என்மேல் கோபித்துக்கொண்ட சிநேகிதிக்கும் புரிந்துவிட்டது. அடுத்த வாரம் அவள் தன் டம்ளரை என் டம்ளருக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். குடிக்கவில்லை. மூன்றாவது வாரம் மூன்று மேஜையிலும் பன்னிரண்டு டம்ளர் தளும்பத் தளும்ப நின்றன. அதற்குள் மார்க்கெட் வரைக்கும் பேச்சு, அங்கே பாலில் ஏதோ கோளாறு என்று.

முதலாளி மறுபடி வந்தார். இந்தத் தடவை கை கூப்பினார். "குடிச்சிட்டுப் போங்கம்மா. ஊரெல்லாம் பால் கெட்டதுன்னு பேசறா."

"காபி நல்லாத்தான் இருக்கும். எங்க நைனா குடிச்சதும் நானும் குடிக்கறேன்."

அவர், செவ்வாய்க்கிழமை மத்தியானம் அழைத்து வாருங்கள், அப்போது கூட்டம் இருக்காது என்றார். சனிக்கிழமை நாலரை மணி என்றேன். மூலையில் ஒரு மேஜை போடுகிறேன் என்றார். முன் வரிசை என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். என்னைப் பெற்றவர்கள்கூட என்னைப் பார்த்து அப்படிப் பெருமூச்சு விட்டதில்லை. கடைசியில் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

நைனாவுக்கு நான் நடந்ததை எழுதவில்லை. எழுதினால் வரமாட்டார். கச்சேரி இருக்கிறது, வா என்று மட்டும் எழுதினேன். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கையைப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தார். நிறம் அப்படியேதான் இருந்தது. போன தடவை மாதிரியே சந்துக்குத் திரும்பியவரைக் கையைப் பிடித்து முன் வாசலுக்கு இழுத்துப் போனேன். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். பின்னால் ஒரு மேஜையில் இருந்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள். பிறகு இன்னொரு மேஜைக்காரர்களும். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். எலும்பு வாத்தியாரும் இருந்தார்.

சப்ளையர் பித்தளை டபரா டம்ளரில் காபி கொண்டுவந்து நைனாவுக்கு முன்னால் முதலில் வைத்தார். நைனா என்னைப் பார்த்தார். குடி என்றேன். அவர் குடித்தார். நானும் குடித்தேன். நல்ல காபிதான். பாடகர் அன்றைக்கு நன்றாகப் பாடினார். நைனாவின் விரல் மேஜை மேல் தாளம் போட்டது. முதுகு மெல்ல மெல்ல நாற்காலியில் சாய்ந்தது.

பாட்டு முடிந்ததும் நைனா எழுந்து, டம்ளரையும் டபராவையும் கையில் எடுத்துக்கொண்டு சப்ளையரிடம், "தண்ணி எங்கப்பா இருக்குது?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. வாழ்நாளில் எந்தக் கடையிலும் தான் குடித்ததைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். குடித்ததை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போகலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"வெச்சிடு நைனா. அவங்க கழுவிப்பாங்க" என்றேன்.

"நான் குடிச்சது, பாப்பா" என்றார்.

சப்ளையர் கையை நீட்டினார். நைனா கொடுக்கவில்லை. ஹால் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தச் செம்பழுப்பு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டம்ளரை வாங்கி மேஜை மேல் வைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வந்துவிடு என்றேன்.